மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தேதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் விடுப்புக் கணக்கும் சம்பளப் பட்டியலும் பார்ப்பது என் வேலை. ஏழாம் மாதத்தில் என் மேசைக்கு வரும் பெண்கள் விடுப்பு எப்போது தொடங்கும் என்று அதிகம் கேட்பதில்லை. எப்போது முடியும், முடிகிற தேதியை நகர்த்த முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். திருமங்கலம் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களும், கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர்ப்படும் சொந்தக்காரப் பெண்களும் கேட்பது இதையேதான். அதனால் அவரவர் கேட்ட வாக்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தும். அரசு ஊழியர்களுக்கு மாறுகிற இடங்களைச் சொல்லியிருக்கிறேன்.

டெலிவரி லீவு ஆறு மாசம்ங்கிறாங்க, எங்க மதினி ஒரு வருசம் எடுத்தாங்க. எது சரி?

இரண்டும் சரி. உங்கள் மதினி தமிழ்நாடு அரசு ஊழியராக இருப்பார். அவர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். தனியாரில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017 ஏப்ரல் 1 முதல் 26 ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது, 26 வாரம் அப்படியே இருக்கிறது. ‘புதுச் சட்டம் வந்துருச்சு, இனி அதெல்லாம் கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்குப் பணம் நிறுவனத்திலிருந்து வராது, இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். மற்றவர்களுக்கு நிறுவனமே தர வேண்டும்.

26 வாரத்தை எப்படி எண்ணுறது? ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு எண்ணணுமா?

விட வேண்டாம். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்து 182 நாள். இது தீர்ந்துபோன விவகாரம். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஒரு வழக்கில் 1977லேயே உச்ச நீதிமன்றம், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள், அந்த ஞாயிறுக்கும் பணம் உண்டு என்று சொல்லிவிட்டது.

ஓர் உதாரணம். 2026 ஜூன் 1, திங்கள்கிழமை விடுப்பு தொடங்குகிறது என்று வையுங்கள். 182ஆவது நாள் நவம்பர் 29, ஞாயிறு. வேலைக்கு வர வேண்டியது நவம்பர் 30, திங்கள். விடுப்பு எந்தக் கிழமையில் தொடங்குகிறதோ அதே கிழமையில்தான் திரும்பி வருவீர்கள். இதை வைத்துச் சின்ன வேலை ஒன்று செய்யலாம். முடிந்தால் விடுப்பை ஒரு வியாழக்கிழமை தொடங்குங்கள். திரும்பி வரும் நாளும் வியாழனாக அமையும். பிள்ளையைப் பிரிந்து வரும் முதல் வாரம் மூன்றே நாளில் முடிந்துவிடும். இங்கே இப்படிச் செய்தவர்கள் யாரும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

பிரசவத்துக்கு முன்னாடியே லீவு போடணுமா, இல்ல மொத்தத்தையும் பிள்ளை பொறந்த பிறகு வச்சுக்கலாமா?

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. உடம்பு ஒத்துழைத்தால் கடைசி வாரம் வரை வந்துவிட்டு மீதி முழுவதையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். அரசு ஊழியர்களும் தங்கள் 12 மாதத்தை முன்னே பின்னே விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம்.

நீங்கள் திரும்பி வரும் தேதியை நிஜமாகத் தீர்மானிப்பது இந்தப் பிரிவுதான். முன்னால் 8 வாரம் எடுத்தால் பின்னால் 18 வாரம்தான் மிச்சம். நீங்கள் வேலைக்கு வரும் அன்று பிள்ளைக்கு நாலு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும், இன்னும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற வயசு. முன்னால் இரண்டு வாரம் மட்டும் எடுத்திருந்தால் பிள்ளைக்கு ஐந்தரை மாதம் ஆகியிருக்கும், கூழ் ஊட்டத் தொடங்கும் காலம் கிட்டத்தில் வந்திருக்கும். இந்த ஆறு வாரத்துக்குள் இருக்கிற வித்தியாசம் பெரிது. அதற்காக மூச்சு வாங்கிக்கொண்டு, கால் வீங்கிக்கொண்டு கப்பலூர் வரை பேருந்தில் நின்று வர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

டாக்டர் குடுத்த தேதி ஒண்ணு, பொறந்தது வேற தேதி. திரும்புற தேதி மாறுமா?

தேதி தாண்டிப் பிறந்தால் மாறாது. மொத்தம் 26 வாரம்தான். பிள்ளை பத்து நாள் தாமதமாக வந்தால் அந்தப் பத்து நாள் பின்னாலிருந்து குறையும். முன்கூட்டியே பிறந்துவிட்டால், நீங்கள் இன்னும் விடுப்பே தொடங்கியிராத நிலையில், பிரசவ நாளிலிருந்து கணக்குத் தொடங்கும். அப்போது முன்பே எழுதிக் கொடுத்த தேதிகள் செல்லாது. பிறந்த தேதிக்கான ஆஸ்பத்திரிச் சான்றோடு திருத்திய தேதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். குறை மாதப் பிள்ளை என்றால் கூடுதலாக ஒரு மாதம் கேட்க வழி இருக்கிறது, ‘இன்னும் ஒரு மாசம்’ கேள்வியில் சொல்கிறேன்.

திரும்பி வர்ற தேதிய லெட்டர்ல எழுதணுமா? எழுதிட்டா அதோட முடிஞ்சுச்சா?

எழுதுங்கள். எழுதினால் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால் ‘ஆறு மாதம் விடுப்பு வேண்டும்’ என்று மொட்டையாக எழுதுகிறார்கள். மேலாளர் ஆறு மாதம் என்பதைத் தன் இஷ்டத்துக்கு எண்ணிக்கொள்கிறார். 182 நாளும் ஆறு காலண்டர் மாதமும் ஒன்றல்ல. தொடங்கும் நாள், முடியும் நாள், வேலைக்கு வரும் நாள், மூன்றையும் தேதியாக எழுதுங்கள்.

தேதியை மாற்றலாம். ஆனால் பழைய தேதி வருவதற்கு முன்பே, எழுத்தில் மாற்ற வேண்டும். போனில் சொல்லிவிட்டோம், சூப்பர்வைசர் ‘சரிம்மா’ என்றார் என்பதெல்லாம் கணக்கில் வராது. பல தொழிற்சாலைகளின் நிலையாணையில் (வேலை விதிகளின் தொகுப்பில்) ஒரு வரி இருக்கும்: விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் வராமலும் காரணம் சொல்லாமலும் இருந்தால் வேலையின் மேலுள்ள உரிமை போய்விடும். பேறுகாலம் முடிந்து வேலை இழந்தவர்களில் நான் பார்த்த பாதிப் பேர் துரத்தப்பட்டவர்கள் இல்லை, இந்த வரியில் மாட்டியவர்கள். கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ஊரில் இருந்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சல். வாட்ஸாப்பில் அனுப்பினாலும் கூடவே இதில் ஒன்றைச் செய்யுங்கள்.

இன்னும் ஒரு மாசம் வேணும்னா என்ன செய்ய?

மூன்று வழி. முதலாவது, பிரசவத்தாலோ குறைமாதப் பிறப்பாலோ உங்களுக்கு உடல்நலக் கோளாறு இருந்தால் மருத்துவச் சான்றோடு ஒரு மாதம் வரை சம்பளத்துடன் கூடுதல் விடுப்பு சட்டப்படி உண்டு. தையல் பிரிந்தது, ரத்தச்சோகை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு எல்லாம் இதில் வரும். மனச்சோர்வுக்குச் சான்று வாங்கக் கூச்சப்படாதீர்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கும் இந்த ஒரு மாதம் உண்டு. தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ சான்று வாங்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கில் சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பு. மூன்றாவது, சம்பளமில்லா விடுப்பு. இந்த இரண்டும் நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்தது, உரிமை என்று அடித்துப் பேச முடியாது. கடிதம் இவ்வளவு போதும்:

“ஐயா, 01.06.2026 முதல் மகப்பேறு விடுப்பில் இருக்கிறேன். விடுப்பு 29.11.2026 அன்று முடிகிறது. 30.11.2026 அன்று பணிக்குத் திரும்புவதாகத் தெரிவித்திருந்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு முடியாததால், என் கணக்கிலுள்ள ஈட்டிய விடுப்பில் 14 நாளை 30.11.2026 முதல் 13.12.2026 வரை அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 14.12.2026 திங்கள்கிழமை பணிக்கு வருவேன்.”

‘தாழ்மையுடன்’, ‘கருணை கூர்ந்து’ எதுவும் தேவையில்லை. புதுத் தேதி மட்டும் தெளிவாக இருக்கட்டும். பதில் வரும் வரை பழைய தேதிதான் உங்கள் தேதி என்று எண்ணிக்கொண்டு ஆயத்தமாக இருங்கள்.

மார்கழில பச்சப்பிள்ளைய இடம் மாத்தக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க. என் லீவு அப்பத்தான் முடியுது.

இது கேட்கப்படாத வருடமே இல்லை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில், பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்கு அழைத்து வருவது. ஆடி, மார்கழி ஆகாது. குலதெய்வம் கோயிலில் மொட்டை, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காதுகுத்து. இவற்றோடு விடுப்புக் கணக்கு மோதத்தான் செய்யும். மார்கழிக்காக நிறுவனம் தேதி தள்ளாது. பிள்ளை இடம் மாறும் நாளைத்தான் முன்னே கொண்டுவர வேண்டும்.

உசிலம்பட்டியில் அம்மா வீடு, திருநகரில் புகுந்த வீடு, வேலை கப்பலூரில் என்றால், வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பிள்ளை திருநகருக்கு வந்துவிட வேண்டும். புது வீடு, புது ஆள் மடி, புதுத் தொட்டில், அம்மாவும் பகலில் இல்லை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பிள்ளை மேல் ஏற்றினால் அது அழும், நீங்களும் அழுவீர்கள். மேலே சொன்ன உதாரணத்தில் விடுப்பு நவம்பர் 29இல் முடிகிறது. மார்கழி பிறப்பது டிசம்பர் 16. ஐப்பசியிலோ கார்த்திகைத் தொடக்கத்திலோ அழைத்து வந்துவிட்டால் அத்தைக்கும் குறையிருக்காது. இந்தப் பேச்சை வளைகாப்பு முடிந்த கையோடு பேசிவிடுவது நல்லது. பிள்ளை பிறந்த பிறகு யாருக்கும் கணக்குப் பார்க்கும் பொறுமை இருக்காது.

வீட்ல இருக்க முடியல, ஆளில்லாம ஆபீஸ்லயும் கூப்பிடுறாங்க. மூணு மாசத்துலயே வரலாமா? மீதிய அப்புறம் எடுத்துக்கிறேன்.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்துக்கு உங்களை வேலை வாங்கவே கூடாது. நீங்களே வருகிறேன் என்றாலும் கூடாது. அதன் பிறகு உங்கள் விருப்பத்தில் வரலாம், ஆனால் மீதியைச் சேமித்து வைக்க முடியாது. விடுப்பு பிரசவத்தை ஒட்டித் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். விட்டால் விட்டதுதான்.

பணத்திலும் ஒரு கவனம் வேண்டும். வேலை பார்த்த நாளுக்குச் சம்பளம் வரும், அதே நாளுக்கு மகப்பேறுப் பணம் வராது. இ.எஸ்.ஐ.யில் இது இன்னும் கறார். விடுப்பில் இருப்பதாகப் பணம் வாங்கிக்கொண்டு வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டால் பிறகு விளக்கம் கேட்பார்கள். ‘சும்மா ரெண்டு நாள் வந்து கணக்கு முடிச்சுக் குடும்மா’ என்று கூப்பிட்டால், அந்த இரண்டு நாளை எப்படிப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு அழைப்பு நின்றுவிடும்.

பால் குடுக்கிறத என்ன செய்ய? வேலைக்கு வந்தா பால் வத்திருமாம்ல?

வழக்கமான இடைவேளை போக, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட நேரம் தர வேண்டும். பிள்ளை பக்கத்தில் இல்லாதவர்கள் அந்த நேரத்தில் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டால்தான் மார் கட்டிக்கொள்ளும், மெல்லச் சுரப்பும் குறையும்.

பீய்ச்சிய பாலை 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். மதுரையில் எந்த மாதம் அறை 25 டிகிரியில் இருக்கிறது? அதனால் அறைக் கணக்கை மறந்துவிட்டு, ஐஸ் பை போட்ட டப்பாவிலோ ஃபிரிட்ஜிலோ வையுங்கள். வீட்டில் அம்மாச்சியோ அப்பத்தாவோ பாலாடையில் புகட்டட்டும். பாட்டிலைக் காட்டிலும் கழுவ எளிது, அவர்களுக்குக் கைவந்ததும்கூட. இந்தப் பழக்கத்தை வேலைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் சில பிள்ளைகள் பாலாடையைத் தொடாது, அந்த அரை மணி நேரம் நீங்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

எங்க கம்பெனில குழந்தைகள் காப்பகம் இல்ல. கேட்கலாமா?

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கவும் அனுமதி உண்டு. நடைமுறையில் தூசி பிடித்த ஓர் அறையும் உடைந்த ஊஞ்சலும்தான் பல இடங்களில். தனியாகக் கேட்டால் ‘நீ ஒருத்திதான் கேக்குற’ என்பார்கள். விடுப்பில் இருப்பவர்களும் போகப்போகிறவர்களும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள்.

விடுப்பு முடிஞ்சதும் கொஞ்ச நாள் வீட்ல இருந்தே வேலை பாக்கலாமா?

வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசிக்கொண்டபடி பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. மறுக்கவும் அவர்களுக்கு இடமிருக்கிறது. வடபழஞ்சி, இலந்தைக்குளம் பக்கம் ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கு இது நடக்கும். தறி முன்னால் நிற்பவருக்கு நடக்காது. கிடைத்தால் எந்தத் தேதி வரை என்பதை எழுதி வாங்குங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே வேலை முடியும் என்று மட்டும் நம்பி இறங்காதீர்கள், பகலில் ஓர் ஆள் வேண்டும்.

திரும்பி வந்து பாத்தா என் சீட்ல வேற ஆளு. என்னைய பேக்கிங்ல போட்டுட்டாங்க.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், வேலை நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். சம்பளம், பதவி, நேரம் எதுவும் குறையாமல் வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தால் வாதாடுவது கொஞ்சம் கடினம். குறைந்திருந்தால் வலுவான புகார். வந்த முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஆறு மாதம் பேசாமல் பேக்கிங்கில் நின்றுவிட்டுக் கேட்டால் சம்மதித்ததாகச் சொல்வார்கள்.

நான் காண்ட்ராக்ட் ஆளு. லீவுக்கு நடுவுல காண்ட்ராக்ட் முடியுது. அப்ப திரும்புற தேதியே இல்லையா?

முதல் பதிலில் சொன்ன 80 நாள் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தினக்கூலிக்கும் பொருந்தும். ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும் மகப்பேறுப் பலன் முழுக் காலத்துக்கும் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பணம் கிடைக்கும், ஆனால் ஒப்பந்தம் தானாக நீளாது. அதனால் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே புதுப்பிப்பு பற்றி எழுதிக் கேளுங்கள்.

மூணாவது பிள்ளைக்கு லீவே கிடையாதாமே?

தனியாரில் உண்டு, 12 வாரம். உயிரோடு இரண்டு பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கு. அரசு வேலையில் இரண்டுக்கு மேல் இல்லை என்று மறுத்துவந்தார்கள். மறுமணத்துக்குப் பின் பிறந்த பிள்ளைக்காக விடுப்புக் கேட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு ஊழியர்கள் மறுப்புக் கடிதம் வந்தால் அதைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம்.

பிள்ளை தங்கல. லீவு எழுதிக் குடுத்த தேதியெல்லாம் என்ன ஆகும்?

கருக்கலைந்தால் அந்த நாளிலிருந்து 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, மருத்துவச் சான்று போதும். உடம்பு தேறாவிட்டால் முன்பு சொன்ன கூடுதல் ஒரு மாதமும் கேட்கலாம். கடிதத்தை நீங்களே கொண்டுவர வேண்டியதில்லை, வீட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். காரணத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

திரும்பி வர்ற எண்ணமே இல்ல. லீவு முடியட்டும்னு இருக்கேன். பணத்த திருப்பிக் கேப்பாங்களா?

திரும்பி வந்தால்தான் பணம் என்று சட்டத்தில் நிபந்தனை இல்லை, வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் பணி நியமனக் கடிதத்தில் முன்னறிவிப்புக் காலம் இருக்கும். ஒரு மாதம் என்றால், விடுப்பு முடிவதற்கு ஒரு மாதம் முன்பு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. சொல்லாமல் நின்றுவிட்டால் மேலே சொன்ன 8 நாள் விவகாரத்தில் சிக்கி, அனுபவச் சான்றிதழுக்கும் பி.எஃப். கணக்குக்கும் அலைய வேண்டியிருக்கும். அவசரப்பட்டு ராஜினாமா எழுதவும் வேண்டாம். பிள்ளை பிறந்த நாலாம் மாதத்தில் ‘வேலையே வேண்டாம்’ என்றவர்கள் ஏழாம் மாதத்தில் வந்து மனு நீட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் எழுதிக் குடுத்தும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க. யாருகிட்ட போறது?

சொன்ன தேதியில் நிறுவன வாசலுக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் அன்றே, ‘இன்ன தேதி காலை பணிக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை’ என்று ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். இந்த ஒரு கடிதம் இல்லாமல் பிறகு ‘அவர் வரவே இல்லை’ என்ற பதிலைச் சமாளிக்க முடியாது. அடுத்து தொழிலாளர் துறையில் எழுத்துப் புகார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் முதலில் பேசிவிட்டும் போகலாம். கையில் எடுத்துப்போக வேண்டியது: விடுப்புக் கடிதத்தின் முத்திரையிட்ட நகல், பிரசவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஸ்பீட் போஸ்ட் ரசீது.